மாநிறம்

பொதிக்குள் என்ன என்று
தபால் கந்தோர்ப் பெடியன் கேட்டான்.
ஆட்டு மயிர் என்றேன், வாய் தவறி.
வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.
ரோமம் என்று அவனே திருத்தி,
இரண்டு கிலோ என்று எழுதி,
முகத்தை அந்தப் பக்கம் வைத்துத் தும்மினான்.

தங்கச்சி ராகினி இருக்கிற ஊரில்
மனிசரைவிட ஆடு கூடவாம்.
கறுத்த ஆட்டின் ரோமத்தை
ஆலைக்காரர் எடுப்பதில்லை. சாயம் பிடிக்காதாம்.
குப்பைக்குப் போக இருந்ததை
உனக்குத்தானே கிறுக்கு என்று அனுப்பியிருக்கிறாள்.

பங்குனி வெக்கையில்
கொட்டாஞ்சேனை நாலாம் மாடியில்
கம்பளி அவிக்கிறவள் நான் ஒருத்திதான்.
முதல் அலசலில் மண், புல்விதை, கொழுப்பு,
காய்ந்த புழுக்கை இரண்டு.
நனைந்த ஆட்டின் வாசம்
லிஃப்ட் வழியே கீழே போய்
செலஸ்டீன் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தது.
"என்ன பிள்ளை, மூளைச் சூப்போ?"

பகலெல்லாம் ஆய்வுகூடத்தில்
கண்ணாடித் தகட்டின்மேல் சாயம் ஊற்றுகிறேன்.
நீலம் கருவுக்கு, சிவப்பு மற்றதுக்கு.
ஒன்றைப் பார்ப்பதற்கே
அங்கே நிறம் கொடுக்க வேண்டியிருக்கிறது.
அங்கே பிழைத்தால் ஒரு உயிர்.
இங்கே பிழைத்தால் ஒரு சட்டி.

கபோஸ் லேனில் பதங்கிக் கட்டை கேட்டேன்.
"எங்கே அடி? காலா, இடுப்பா?"
எனக்கில்லை ஐயா, ஆட்டுக்கு.
மிருகத்துக்கு அளவு வேறே என்று
யோசித்து இன்னொரு பிடி போட்டார்.

கட்டை இரவு முழுக்க ஊறியது.
படிகாரம் மட்டும் தராசில்: நூற்றுக்குப் பதினைந்து.
கொதிக்க விடக்கூடாது. கிளறவும் கூடாது.
பதறினால் கம்பளி தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளும்,
பிறகு எந்த விரலுக்கும் இளகாது.
போன மாதம் அப்படி ஒன்று செய்தேன்.
இப்போது அது சட்டி பிடிக்கிற துணி.

ஓரத்தில் ஒரு குமிழி. இன்னொன்று.
அந்நேரம் பார்த்துப் போன்.
கலியாணப் புரோக்கர் தர்மகுலசிங்கம்.
வயது இருக்கிறது, படிப்பு இருக்கிறது,
"நிறம் மட்டும் ஒருக்கால் சொல்லும் பிள்ளை,
பொது நிறம் என்று போடவோ?"
மூடியைத் தூக்கிப் பார்த்தேன்.
"இன்னும் ஒரு மணித்தியாலம் அவிய வேணும்."
அவர் போனை வைத்துவிட்டார்.

பொதியில் எப்படியோ கலந்து வந்த
வெள்ளைக் கற்றை ஒன்று இருந்தது.
சிவப்பைக் கண்டதும் அது
கொச்சிக்கடைத் திருநாள் பட்டாசு மாதிரி
ஊருக்கே சொல்லிவிட்டது.
மற்றதெல்லாம் வாய் திறக்கவில்லை.
தண்ணீருக்குள் வெறும் கறுப்பு.
ஆலைக்காரர் சொன்னது சரிதான் போல என்று
பிழிந்து பல்கனிக் கம்பியில் போட்டேன்.

கொழும்பில் கம்பளி காய மூன்று நாள்.
காற்றே ஈரம், துறைமுகத்து உப்பு வேறு.
இரண்டாம் நாள் வந்த காகம்
சிவந்ததை ஒருமுறை கொத்திப் பார்த்துவிட்டு
கறுத்ததில் ஒரு வாய் பிடுங்கிக்கொண்டு
சாந்த லூசியா குவிமாடப் பக்கம் பறந்தது.

மூன்றாம் நாள் பின்னேரம்
பழைய சீடியும் பென்சிலும் சேர்த்துச் செய்த தக்கிளியில்
மிச்சத்தை மாட்டிச் சுற்றினேன்.
சாய்ந்த வெயில் அறைக்குள் வந்தது.
நூல் முறுகி முறுகித் திரும்பியது.
திரும்பும்போது ஒரு பக்கம் கபிலம்,
ஒரு பக்கம் நாவற்பழம் தின்ற நாக்கு,
இடையில் இன்னொன்று:
ஆட்டின் நிறமும் இல்லை, கட்டையின் நிறமும் இல்லை.
ஆய்வுகூடத்தில் என்றால்
மீண்டும் செய்து பார்க்கவும் என்று எழுதியிருப்பேன்.

செலஸ்டீன் அக்கா வாசலில் நின்றா.
"வடிவாத்தான் இருக்கு. இந்த வெக்கைக்குள்ளே
இதை ஆர் பிள்ளை போடுறது?"

தெரியாது என்றேன்.
அதற்குள் நூல் அறுந்து தக்கிளி கட்டிலடியில் உருண்டது.
எடுத்து, இரண்டு நுனியிலும் எச்சில் தொட்டு,
உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தேன்.