தொண்ணூற்றெட்டு

பொருந்தாது என்றால் தொண்ணூற்றேழு.
தெரியாது என்றால் தொண்ணூற்றெட்டு.
சொல்ல மறுத்தால் தொண்ணூற்றொன்பது.
காட்பாடியில் மூன்று நாள் பயிற்சி,
மதியம் தயிர்சாதப் பொட்டலம்,
ஒரு படிவம் முடித்தால் நூற்றெண்பது ரூபாய்.

பேரணாம்பட்டு, தோல் ஷெட்டுக்குப் பின்சந்து.
சுண்ணாம்புத் தொட்டிக்குள் முப்பது வருஷம் நின்ற கால்களை
வெயிலில் நீட்டிக்கொண்டிருந்தார் எத்திராஜுலு.
கேள்வி நான்கு:
நிறைவடைந்த ஆண்டுகளில் உங்கள் வயது என்ன?

"ஆதார்ல அம்பத்தேழுன்னு கீது.
போட்டோ புடிக்கிறதுக்கு முந்தின நாளுதான்
மச்சினன் பொண்ணு கல்யாணம்,
தலைக்குச் சாயம் அடிச்சிருந்தேன்.
அந்தப் பையன் தலையப் பார்த்தான், போட்டுட்டான்."

பிறந்த தேதி ஜனவரி ஒன்று.
பக்கத்து வீட்டு ருக்கையாபீக்கும் ஜனவரி ஒன்று.
எதிர்வீட்டு ஜெயசீலிக்கும்.
சந்து மொத்தமும் ஒரே நாளில் பிறந்திருந்தது.

நிகழ்வு அட்டையை எடுத்தேன்.
எந்தத் தலைவர் செத்தபோது, எந்தத் தேர்தலின்போது
உங்களுக்கு என்ன வயசு இருக்கும் என்று
சுற்றிவளைத்துப் பிடிக்கிற அட்டை.
அவர் சொன்ன எதுவும் அதில் இல்லை:
பச்சைத்தோல் லாரி மாதனூர் திருப்பத்தில் கவிழ்ந்த வருஷம்.
தொட்டிக்குள் இறங்கிய மூணு பேரில்
ரெண்டு பேர் மேலே வராத வருஷம்.
கிணற்றுத் தண்ணியில் டீ போட்டால்
பால் திரிய ஆரம்பித்த வருஷம்.

பிறகு பிடிவலிமைக் கருவி.
"இறுக்கிப் பிடிங்க, விட்ருங்க, இன்னொரு தடவ."
இடது ஒன்பது கிலோ. வலது பதினொன்று.
கருவியைத் திருப்பிப் பார்த்தார்.
"நனைஞ்ச தோலு ஒண்ணு முப்பது கிலோ வரும்மா.
தோள்ல போட்டுகினு ஓடுவேன்.
உன் மெஷினு பழசா?"

முதியோர் உதவித்தொகை பெறுகிறீர்களா?
"மூணு வருஷம் கழிச்சி வான்னாங்க.
ரெண்டு வருஷம் முன்னாடி போனப்போ
அஞ்சி வருஷம் கழிச்சி வான்னாங்க.
கணக்கு சரியாத்தான் சொல்றாங்க."

வயதுக்கு எதிரே தொண்ணூற்றெட்டு போட்டேன்.

எட்டு மாதம் கழித்து
வேலூரில் குளிரூட்டிய அரங்கு.
திரையில் வளைகோடுகள்,
சமத்துவமின்மைக்கு ஒரு தசம எண்.
பேராசிரியர் சிவப்புப் புள்ளியை நகர்த்தி நகர்த்தி
ஓர் ஓரத்தில் நிறுத்தினார்.
தோல் தொழிற்பகுதியில், எதிர்பாராத விதமாக,
நீண்ட ஆயுள்.
பதினொரு பேருக்கு வயது தொண்ணூற்றெட்டு.

கைதட்டல் வந்தது.
நான் கடைசி வரிசையில் பைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்,
பேனா, குறிப்பேடு, தண்ணீர் பாட்டில்.
பேசுவதா என்று யோசித்ததில் ஒரு பையில் பேனாவை விட்டுவிட்டேன்.
தேநீர் இடைவேளையில் சொன்னேன்.

நல்ல மனுஷர். முகம் வெளுத்து, நன்றி சொல்லி,
அன்றைக்கே சரிசெய்தார்.
பதினொரு வரிகளும் கோப்பிலிருந்து போயின.
சராசரி இறங்கி, மற்ற மாவட்டங்களோடு சேர்ந்துகொண்டது.
வயது இல்லாத படிவம் முழுமையில்லாத படிவமாம்.
பதினொன்றில் ஏழு என்னுடையவை.
ஏழு நூற்றெண்பது எவ்வளவு என்று
அடுத்த மாதச் சம்பளத்தில் தெரிந்தது.

பயிற்சியின்போது எங்களையே கேட்டு
நிரப்பிப் பார்த்த படிவம் ஒன்று வீட்டில் கிடக்கிறது.
வருங்கால வைப்பு நிதி: தொண்ணூற்றேழு.
ஓய்வூதியம்: தொண்ணூற்றேழு.
என் கையெழுத்து அழகாக இருக்கிறது.

இரண்டாம் சுற்றுக்குப் பட்டியல் வந்தது.
அதே ஆட்களை மறுபடி தேடிப் பிடிக்கணும்.
எத்திராஜுலு பேர் இல்லை.
குடியாத்தம் பஸ் பேரணாம்பட்டில் நின்றபோது
டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்
அடையாளம் கண்டு ஜன்னலண்டை வந்தார்.
வலது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாமா,
எனுக்கு எவ்ளோ வயசுன்னு
முடிவு பண்ணீங்களா?"