உப்பு கம்மி

மூன்றாவது ராத்திரி.
எண்ணூர் சாலையில் எனக்கு முன்னால்
எத்தனை டிரெய்லர் என்று எண்ணுவதை
நேற்றே விட்டுவிட்டேன்.
இடப்பக்கம் கடல்,
கொட்டி வைத்த பாறைகளை அறைந்துகொண்டு.
முதுகுக்குப் பின்னால் சீல் வைத்த பெட்டி.
உள்ளே என்ன என்று எனக்குத் தெரியாது.
தின்கிற பொருளாக இருந்தாலும் தின்ன முடியாது.

வீடு தண்டையார்பேட்டையில்.
நடந்தால் முக்கால் மணி.
வண்டியை விட்டு நடந்தால்
டீசல் இருக்காது, பேட்டரி இருக்காது.
வேதவல்லி இறால் கம்பெனியில் நைட் ஷிப்ட்.
ஒன்பது மணிக்கு போன் பண்ணி
"துன்னியா?" என்றாள்.
"ஆச்சு" என்றேன்.
அரிசி காலையிலேயே தீர்ந்திருந்தது.

சீட்டுக்கு அடியில் தேடினால்
ஒரு கிலோ கோதுமை மாவு,
ஆப்ப சோடா பொட்டலம்,
அடியில் ஒட்டிய டால்டா,
கல் உப்பு.
ஊறவைத்துப் புளிக்கவைக்க நேரம் கிடையாது.
நேரம் கிடையாது என்றா சொன்னேன்?
மூன்று நாளாக நான் ஓட்டுவது
அதை மட்டும்தான்.

யார்டு வாசலில் உடைந்து கிடந்த பேலட்டை
ஜாக்கி ராடால் பிளந்தேன்.
எந்த நாட்டு மரமோ,
மேலே படிக்கத் தெரியாத முத்திரை.
எரியும்போது மட்டும்
நம்ம ஊர் மரம் மாதிரியே கண்ணைக் கரித்தது.

தட்டில் மாவு, சோடா.
டால்டாவை விரல் நுனியால் தேய்க்கத் தேய்க்க
மாவு ஈர மணலாகிறது.
சோப்பு போட்டுக் கழுவியும்
நகத்துக்குள் கிரீஸ் அப்படியே.
கடல் காத்தே உப்புதானே என்று
ஒரு சிட்டிகை குறைத்தேன்.
தண்ணீர் கொஞ்சம், மறுபடி கொஞ்சம்.
ரொம்பப் பிசையக் கூடாது,
பிசைந்தால் டயர் மாதிரி இழுக்கும்.
இரண்டு விரல் உயரத்துக்குத் தட்டி
நடுவில் கத்தியால் ஒரு கோடு.

தணலைப் பரப்பி மேலே சட்டி.
மூடி மேலும் நாலு கங்கு.
கீழே ஒரு சூடு, மேலே ஒரு சூடு,
நடுவில் அது தன் பாட்டுக்கு
உப்ப ஆரம்பித்த நேரம்

தூரத்தில் ஹாரன்.
ஒரு ஹாரன் அடுத்த ஹாரனை எழுப்ப
"நவுருதுடா! எட்றா வண்டிய!"

இடைவெளி விட்டால்
எவனாவது மூக்கை நுழைத்துவிடுவான்.
ஏறினேன்.
கங்கை எப்படித் தூக்கிக்கொண்டு ஓடுவது?
எட்டு வண்டி நீளம். அவ்வளவுதான்.
மறுபடி எல்லா பிரேக்கும் பெருமூச்சு விட்டன.

கண்ணாடியில் பார்த்தேன்.
என் தீ அங்கேயே இருந்தது.
பக்கத்தில் எவனோ குந்தியிருந்தான்.

சண்டைக்குத்தான் நடந்தேன்.
வாயில் நாலு வார்த்தை தயாராக இருந்தது.
அவனோ லுங்கி முனையால் சட்டியைப் பிடித்து
ரொட்டியைப் புரட்டிக்கொண்டிருந்தான்,
தூங்குகிற பிள்ளையைப் புரட்டுகிற மாதிரி.
வண்டியில் பீகார் நம்பர்.
அடி ஒரு பக்கம் கருகியிருந்தது,
இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால்
சட்டியோடு போயிருக்கும்.

ஓரத்தில் கட்டை விரல் அளவு பிய்த்திருந்தான்.
மென்றபடி என்னைப் பார்த்து,
"நமக் கம்."
"கம்மியா?"
"ஹாங். கம்மி."
அவன் பாஷையும் என் பாஷையும்
முட்டிக்கொண்ட ஒரே இடம் அது.
ஒரு பச்சை மிளகாயும்
காகிதத்தில் மடித்த உப்பும் எடுத்து வந்தான்.
நான் கத்திக் கோட்டில் உடைத்தேன்.
ஆவி மூஞ்சியில் அடித்தது.
பெயர் கேட்டேன். பிரிஜ்லால்.
நெத்திலிக் கருவாடு நீட்டினால்
வேண்டாம் என்று தலையாட்டினான்.
அவனுக்கு வாடை பிடிக்கவில்லை,
முகத்தை மறைக்கவும் தெரியவில்லை.

விடிவதற்குள் இன்னும் இரண்டு தடவை
வண்டியை எடுத்தோம்.
தீயை அணைக்கும் ஞாபகம்
இரண்டு பேருக்குமே வரவில்லை.
காசிமேட்டுப் படகு விளக்குகள்
கண்ணில் படும் தூரத்தில்
கடைசியாக ஒரு தடவை கண்ணாடியைப் பார்த்தேன்.
பின்னால், ரொம்பப் பின்னால்,
சிவப்பாக அது இருந்தது.
யாரோ கட்டை போட்டிருக்கிறார்கள்.