மூன்றாவது பெயர்

மருந்து ஏற்றும் முன்
குழாயின் வாயைப் பதினைந்து விநாடி தேய்க்கவேண்டும்.
படம் போட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள்.
மற்றவர்கள் எண்ணுகிறார்கள். நான் பெயர் சொல்கிறேன்.
கப்தேஷ், ஜூனிஸ், பைதாஸ், ஓதெகென்,
தோலெபாய், மல்தபார், எசிம்.
கசாக் வீட்டில் பிறந்தால்
ஏழு தலைமுறைத் தகப்பன்மார் நாக்கில் இருக்கவேண்டும்.
கல்யாணப் பேச்சுக்கு உதவும் என்றார்கள்.
எனக்கு இதற்குத்தான் உதவுகிறது:
நிதானமாய் இரண்டு முறை, பதினாறு விநாடி.
ஸ்பிரிட் பஞ்சில் விரல்நுனி வெளுக்கும்.
பிறகு காயவிடவேண்டும். ஊதக்கூடாது.

பலகையில் 211 என்று இருந்தது,
தொற்றில்லாத நாட்கள்.
நான்காம் கட்டிலில் ஜெய்னொல்லா,
அல்மாட்டியில் முப்பது வருடம் டிராலிபஸ் ஓட்டியவர்.
வால்வு மாற்றி ஆறாம் நாள், மாலை,
குளிர்கிறது என்றார்.
வெளியே பனி கொட்டியது.
அந்தக் குளிர் ஜன்னல் வழியாக வந்ததல்ல.
கட்டில் கம்பி கடகடத்தது.
39.4.
அனுப்பிய இரத்தத்தில், எல்லாப் புட்டியிலும் முளைத்தது
நம் எல்லோர் தோலிலும்
சும்மா கிடக்கிற ஒன்று.

யாரோ 211-ஐ அழித்தார்கள்.
துணியை நனைக்கவில்லை போல.
0-வுக்குள் அது இன்னும் தெரிந்தது.

என்னை ஒருவரும் கேட்கவில்லை.
செவ்வாய் இரவு, ஆறாம் கட்டில் அலாரம் கத்தியபோது
பைதாஸில் நிறுத்தினேன்.
ஓடினேன். வயர் கழன்றிருந்தது, அவ்வளவுதான்.
திரும்பி வந்து
விட்ட இடத்தில் தொடங்காமல் மருந்தை ஏற்றினேன்.
அதுதானா? வேறொருவர் கையா?
கிருமிக்கு யாரும் வம்சாவளி எழுதி வைப்பதில்லை.
வீட்டுக்குப் போகவேண்டிய மனிதருக்கு
வாங்கோமைசின், ஆறு வாரம்.
ஏற்றுவது நான்.

இன்று காலை, ஏழாம் கட்டில். ரைசா.
கழுத்துக் குழாய்க்கு ஐந்தாம் நாள்,
மருந்தெல்லாம் வாய்வழிதான்.
இது இன்னும் வேண்டுமா என்றேன்.
டாக்டர் கோகாய் கோப்பை விட்டுக் கண் எடுக்காமல்
"இருக்கட்டும், எதற்கும்" என்றார்.
"எதற்கும் என்றால், எதற்கு?"
பயிற்சி மாணவர்கள் தரையைப் பார்த்தார்கள்.
அவர் பேனாவை மூடினார். மறுபடி திறந்தார்.
"சரி. எடுத்துவிடுங்கள்."

தலையணையை உருவித் தட்டையாய்ப் படுக்கவைத்தேன்.
மூச்சை அடக்கச் சொன்னேன்.
ஒரு சாண் நீளம்கூட இல்லை,
ஈரமாய் வழுக்கி வந்தது.
பஞ்சை வைத்து அழுத்தினேன். ஐந்து நிமிடம்.
அதற்கும் பெயர்கள்தான்.
ஆறாம் கட்டில் மறுபடி கத்தியது.
குல்னாரா போகட்டும்.
கப்தேஷ், ஜூனிஸ், பைதாஸ்,
ஓதெகென்.