மணி

சனி ராத்திரி ஒன்பது மணிக்கு
வீட்டையே அணைக்குத் தூக்கிக்கொண்டு போவதுபோல்
மூட்டை கட்ட உட்கார்ந்தோம்.

தண்ணீர் இரண்டு லிட்டர். யோசித்து, இன்னும் ஒன்று.
எலுமிச்சைச் சோற்றுக்கு நாலரைக்கு எழுந்தால் போதும்.
பெங்களூரா மாங்காய் ஒன்று, கீறாமல்.
கீறக் கத்தி. கத்தியைச் சுற்ற என் பழைய துப்பட்டா.
உப்பும் மிளகாய்த்தூளும் ஒரே பொட்டலத்தில்.
அணைக்கட்டில் மீன் வறுக்கிற வாசனை வந்ததும்
இந்தச் சோற்றை ஒருவரும் தொடப்போவதில்லை,
தெரியும்.
தெரிந்தேதான் டப்பாக்களைத் துடைத்து வைத்தேன்.

லோஹித் எட்டாவது.
டயரைக் கட்டைவிரலால் அமுக்கி
டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்குகிறான்.
சார்விகாவுக்கு ஏழு.
பக்கச் சக்கரம் கழற்றிப் பதினெட்டு நாள் ஆகிறது.
கழற்றிய இரண்டையும் தன் பையின் அடியில்
சட்டைக்குள் சுற்றி வைத்திருக்கிறாள்.
எதுக்குடி?
"ஒருவேளை தேவைப்பட்டா."
மாட்டுறதுக்கு ஸ்பேனர் வேணுமே?
அதுவும் இருந்தது.

என் சைக்கிள்
பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்தது.
மூன்று செயின், இரண்டு பெயின்ட்,
எத்தனை டியூப் என்று கணக்கில்லை.
முனிரத்தினம் இதைப் பழைய இரும்புக்குப் போடச் சொல்வார்,
போடச் சொன்ன வாயோடு எண்ணெயும் விடுவார்.

அவர் சைக்கிள் இங்கே இல்லை.
ராயக்கோட்டை மேம்பாலத்துக்குக் கீழே
டீக்கடை ஓரமாய்
நேற்று சாயங்காலமே பூட்டி நிறுத்திவிட்டு
ஓசூர் பஸ் ஏறிப் போய்விட்டார்.
ஆறேகாலுக்கு அதே பஸ் அவரை அங்கே இறக்கும்.
சாவி என்னிடம்.
ராத்திரி முழுக்க மெஷின் முன்னாடி நின்னுட்டு
அணை வரைக்கும் மிதிப்பீங்களா என்று கேட்டேன்.
"மிதிக்கும்போது எவனாச்சும் தூங்குவானா" என்றார்.

வாரத்தில் ஆறு நாள்
நாங்கள் விழித்திருக்கையில் அவர் தூங்குகிறார்.
பகலில் பிள்ளைகளுக்கு அப்பா என்றால்
சாத்திய கதவு,
உதட்டின்மேல் வைத்த என் விரல்.
இந்த வீட்டில் குக்கர்கூட
இரண்டு விசிலுக்குமேல் போட்டதில்லை.

அஞ்சேமுக்கால்.
மலைக்கோட்டை இன்னும் இருட்டிலிருந்து பிரியவில்லை.
பால்காரர் வண்டி பழையபேட்டைச் சந்தில் திரும்பிப் போனது.
எல்லாப் பைகளையும் என் கேரியரில் ஏற்றிக் கட்டி
கையை எடுத்தேன்.
சைக்கிள் ஒரு நிமிஷம் யோசித்தது.
பிறகு முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு
பின்பக்கமாய்ச் சாய்ந்தது.

அவிழ்த்தோம்.
மூன்றாவது தண்ணீர் பாட்டில் உள்ளே போனது.
போர்வை உள்ளே.
லோஹித்தின் கிரிக்கெட் மட்டை, முணுமுணுப்போடு, உள்ளே.
ஸ்பேனர் போனது.
பக்கச் சக்கரங்கள் போகவில்லை.
பையை நெஞ்சோடு அணைத்து நின்றவளிடம்
அந்த நேரத்தில் வாதாட எனக்குத் தெம்பில்லை.
மாங்காய் இருந்தது.
அவருக்கு மாற்றுச் சட்டை இருந்தது,
நீலம், காலர் கிழியாதது.

கதவைப் பூட்டித் திரும்பினால்
சார்விகா சைக்கிள் மணியின்மேல்
கைக்குட்டையை முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.
தினமும் வெளியே கிளம்பும்போது செய்வது.
யாரும் சொல்லித்தரவில்லை.
தெருமுனை தாண்டித்தான் அவிழ்ப்பாள்.

இன்னைக்கு வேணாம்டி என்றேன்.
நம்பாமல் பார்த்தாள்.
"அப்பா?"
அப்பா பஸ்ல வர்றாருடி. உள்ள யாருமில்ல.

முடிச்சு அவிழ நேரமாயிற்று.
பிறகு அடித்தாள்.
ஒருமுறை, பயந்து.
அப்புறம் லோஹித்தும் சேர்ந்துகொண்டான்.
எதிர்வீட்டு நாய் எழுந்தது,
மாடியில் யாரோ விளக்கைப் போட்டார்கள்,
நான் "மெதுவா" என்று சொல்ல வாயெடுத்து
என் மணியில் கட்டைவிரலை வைத்தேன்.
துருப்பிடித்திருந்தது.
மூன்றாவது தடவைக்குத்தான் சத்தம் வந்தது.

காற்றடிக்கிற பம்ப்பை எடுக்கவில்லை என்பது
ரவுண்டானா தாண்டித்தான் நினைவுக்கு வந்தது.