வெள்ளிக்கிழமை டேப்

திருப்பதி போகும் பேருந்தில்
மூன்றாவது வரிசை, சன்னலோரம்.
மடியில் சாப்பாட்டுப் பை.
பையில் தயிர்சாதம், மாவடு,
உள்ளங்கையளவு கறுப்புப் பெட்டி ஒன்று.
சோதனைச் சாவடியில் ஏறிய காவலர்
நகத்தால் தட்டிப் பார்த்தார்.
"ஏமிட்டி இதி? பாட்டு கேசட்டா?"
"அடகுங்க" என்றேன்.
சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்.

பொய்யில்லை.
நகையெல்லாம் ஊத்துக்கோட்டை இரும்பறையில்.
எது யாருடையது என்பது மட்டும்
வாராவாரம் ஆந்திரா போகிறது.
அது தெரியாவிட்டால்
வளையல் வெறும் வளையல்.

சென்னையிலிருந்து வந்த ஜெரால்டு
ஒரு டிஸ்க்கைச் சோதனைக்கு விட்டுப் போனார்.
"இன்னும் டேப்பா மேடம்?
ராத்திரி ரெண்டு மணிக்கு இதுவே எடுத்துக்கும்.
நீங்க பஸ் ஏற வேண்டாம்."
சரிதான்.
எந்த நாளைக் கேட்டாலும் டிஸ்க்
கேட்டு முடிப்பதற்குள் தருகிறது.
டேப் முதலிலிருந்து நடந்து வர வேண்டும்,
நடுநடுவே இருமிக்கொண்டு.

ஆடியில் ஒரு செவ்வாய்.
மீட்டுப் போனவர்களை நீக்கப் போய்
மீட்காதவர்களை நீக்கிவிட்டேன்.
ஒரே ஒரு குறி.
இடப்பக்கம் பார்க்க வேண்டியது
வலப்பக்கம் பார்த்துவிட்டது.
காலையில்தான் தெரிந்தது.
ராத்திரி ரெண்டு மணிக்கு டிஸ்க்
சொன்ன சொல் தவறாமல் நகலெடுத்திருந்தது:
என் தவறை,
ஒரு புள்ளி பிசகாமல்.

நாகலாபுரம் லாக்கரில் கிடந்த டேப்புக்குச்
செவ்வாய் என்றொரு கிழமையே தெரியாது.
ஓடிப் போய் எடுத்து வந்தேன்.
ஐந்து மணி நேரம் அதன் உறுமலைக் கேட்டபடி நின்றேன்.
நாற்காலி இருந்தது. உட்காரத் தோன்றவில்லை.
வந்தது. வெள்ளி வரைக்கும் வந்தது.
மிச்சத்தைக் கார்பன் ரசீதுகளிலிருந்து தட்டினேன்.
ஒன்று மட்டும் மங்கல்.
வெங்கட்டம்மா, ஒரு ஜோடி கம்மல்.
இரண்டு கிராமா, மூன்றா?
சீல் உடைத்து நிறுக்க இரண்டு கையெழுத்து வேண்டும்.
இரண்டாவது, நெல்லூரில் மகள் வீட்டிலிருந்த
மேலாளர் முனிரத்தினத்துடையது.
மூன்று என்று போட்டேன்.

அடுத்த வாரம் பழைய டேப்புகளை
ஒவ்வொன்றாய் ஓட்டிப் பார்த்தேன்.
பதினொன்றில் இரண்டு வாய் திறக்கவில்லை.
அவற்றையும்தான்
மடியில் வைத்துச் சுமந்திருக்கிறேன்.
ஐப்பசியில் பிச்சாட்டூர் ஏரியைத் திறந்தார்கள்.
தரைப்பாலம் மூழ்கி, பேருந்து நின்று,
அந்த வெள்ளியின் டேப்
என் பீரோவில் புடவைகளுக்கடியில் தூங்கியது.
இதையும் யாரிடமும் சொன்னதில்லை.

இன்று முனிரத்தினம்
இரண்டு விலைப்பட்டியலையும்
ஒன்றின்மேல் ஒன்று வைத்து
ஓரத்தைத் தட்டிச் சமமாக்கினார்.
"டேப்பா, டிஸ்க்கா? நீயே சொல்லும்மா."
"டிஸ்க் வாங்குங்க சார். டேப்பையும் விடாதீங்க.
பழைய மெஷின் இன்னும் ஓடுது.
பஸ் காசு மட்டும்தான்."
"டிஸ்க் இருக்கும்போது டேப் எதுக்கு?"
"தப்பு நடந்தா, சார்.
தப்பைப் பார்க்காத ஒண்ணு வேணும்."
கண்ணாடியைக் கழற்றினார்.
"யாரு பண்ற தப்பு?"

வெளியே ஹாரன்.
"அஞ்சரை பஸ் சார்" என்று
பையை எடுத்துக்கொண்டேன்.