கைமாற்று

கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி, ஏழாவது கூண்டு.
பெங்களூரு போகும் தக்காளிக்கும்
சென்னை போகும் கார் உதிரிகளுக்கும்
இரவில் நான்தான் கதவு.
இப்போதெல்லாம் யாரும் காசு நீட்டுவதில்லை.
கண்ணாடியில் ஒட்டிய சீட்டை
மேலிருந்து ஒரு பெட்டி முகர்ந்து பார்க்கும்,
பீப் என்னும்,
கட்டை எழும்பும்.
ஒரு ராத்திரிக்கு எத்தனை லட்சம் கடக்கிறதென்று
எனக்குத் தெரியும்.
விரலில் ஒட்டுவது பேனா மை.

அப்படி ஒரு நாளில்தான் அந்தப் பெண் போன் செய்தாள்.
வேறு கார்டில் பாக்கி இருந்தால்
இதற்கு மாற்றிக்கொள்ளலாம் மேடம்,
பாக்கியே இல்லையென்றால் பணமாகவே தருகிறோம்,
ஒன்றரை லட்சம்,
ஆறு மாதத்துக்கு வட்டி கிடையாது.
தேன் குரல்.

ரசீதுச் சுருளின் முதுகில் கணக்குப் போட்டேன்.
ஒன்றரை லட்சத்துக்கு ஏழு சதவீதம், ஆறு மாதம்:
ஐயாயிரத்து இருநூற்றைம்பது.
அவர்கள் பிடிக்கும் கட்டணம் ஆயிரத்தைந்நூறு,
அதன் தலைமேல் ஜிஎஸ்டி இருநூற்றெழுபது.
மீதி மூவாயிரத்து நானூற்றெண்பது.
அடுத்தவன் மாட்டை என் கொட்டகையில் கட்டி
நான் கறக்கும் பால்.
இரண்டு முறை கூட்டினேன்.
தப்பில்லை.

லண்டன்பேட்டைக் கிளையில்
வைப்புநிதி ரசீதை நீட்டியவர்
"சேமிப்பாம்மா?" என்றார்.
ஆமாம் என்றேன்.
ஒரு வங்கியின் பணம்
இன்னொரு வங்கியின் மடியில் தூங்குகிறது,
தாலாட்டுக் கூலி எனக்கு.

மாதாமாதம் குறைந்தபட்சத் தொகை சம்பளத்தில் போனது.
காலண்டரில் பதினான்காம் தேதிக்கெல்லாம்
சிவப்பு வட்டம்.
பிரதோஷம் மறந்தது,
சிலிண்டருக்குச் சொல்ல மறந்தது,
இது மறக்கவில்லை.
மறந்தால் மாதம் மூன்றரை வட்டி,
முதல் நாளிலிருந்து.
நான் தவறப்போகும் ஒரே ஒரு நாளுக்காக
எங்கோ ஒரு கட்டடம் முழுக்க
ஏசி போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள்.

மூன்றாம் மாதம்
எட்டாவது கூண்டு சகாயமேரி வந்து நின்றாள்.
எலத்தகிரிக்காரி.
பையனுக்கு பாலிடெக்னிக் ஃபீஸ்.
"இருவதாயிரம் கைமாத்தா இருக்குமாக்கா?
போனஸ் வந்ததும் குடுத்துடறேன்."

கைமாற்று.
அதற்கும் வட்டி இல்லை.
கட்டணம் இல்லை, கையெழுத்து இல்லை,
தேன் குரலும் இல்லை,
அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது.

என் பேரில் ஒன்றரை லட்சம் இருந்தது.
என் கையில் ஒன்றும் இல்லை.
இரண்டும் நிஜம்.
எந்த நிஜத்தைச் சொல்வதென்று யோசிக்க
ஒரு லாரி கடக்கும் நேரம்கூட ஆகவில்லை எனக்கு.
"இல்லியே மேரி."

அவள் முகம் சுண்டவில்லை.
சரிக்கா என்றாள்.
பழையபேட்டையில் ஐந்து வட்டிக்கு வாங்கினாளாம்.
முதல் மாதத்தை முன்னாலேயே பிடித்துக்கொண்டு
பத்தொன்பதாயிரம் எண்ணிக் கொடுத்தானாம்.
யாரோ சொன்னார்கள்,
அவள் சொல்லவில்லை.

கடைசிப் பதினான்கு.
வைப்பு முதிர்ந்து கணக்கில் விழவே
சாயங்காலம் ஆகிவிட்டது.
இரவு பதினொன்றே முக்கால்,
கூண்டுக்குள்ளிருந்தே கட்டுகிறேன்,
ஓடிபி வரவில்லை.
வெளியே சீட்டு வேலை செய்யாத டிரைலர்,
அதன் பின்னால் ஒசூர் வரைக்கும் ஹாரன்.
மறுபடி அனுப்பு.
மறுபடி அனுப்பு.
கட்டடத்தில் எல்லோரும்
நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்கள்.
பதினொன்று ஐம்பத்தாறுக்கு
ஆறு எண்கள் வந்தன.
பீப்.
பாக்கி முழுதும் என்னைக் கடந்து போனது.

மூவாயிரத்து நானூற்றெண்பது.
சொன்னபடி, பைசா பிசகவில்லை.
மேரி கட்டிய வட்டி இதுவரை மூவாயிரம்.
அதை நான் போடவில்லை,
கணக்கு பழகிய தலை
தானே போட்டுக்கொண்டது.

இரண்டு மணிக்கு டீக்காரர் சைக்கிள் வந்தது.
கைப்பையைத் துழாவினேன்.
"உங்ககிட்ட எப்பக்கா இருந்திருக்கு" என்று சிரித்து
இரண்டு டீக்கும்
மேரியே காசு கொடுத்தாள்.

சர்க்கரை கொஞ்சம் தூக்கல்.
குடித்துவிட்டேன்.