லொரெதானாவுக்கு மூன்றாவது மின்னஞ்சல்

உங்கள் பண்ணைவீட்டில் மே மாதம் ஐந்து இரவு.
வாடகை சரி.
மாடி அறை வேண்டாம்; இம்தியாஸுக்கு முட்டிவலி,
பதினெட்டு வருஷம் தோல் ஷெட்டில் நின்ற கால்.

அடுப்படியை எங்களுக்கும் விடுவீர்களா?
சீரகச் சம்பா கொண்டுவருவோம்.
கத்தரிக்காய் அங்கேயே கிடைக்குமாமே.
பன்றி வெந்த பாத்திரம் மட்டும் வேண்டாம்,
கோபிக்காதீர்கள்.

மலைப்பாதைக்கு நல்ல ஷூ கொண்டுவரச் சொன்னீர்கள்.
சிரித்துவிட்டோம்.
ஆம்பூரிலிருந்து எழுதுகிறேன்,
உங்கள் நாட்டு முத்திரை குத்துமுன் கழித்துப்போட்டதில்
நான்கு ஜோடி வீட்டில் இருக்கிறது.

அப்புறம்,
படத்தில் வீட்டுக்குப் பின்னால் ஓர் ஆறு.
மே மாதத்தில் தண்ணீர் இருக்குமா என்று கேட்டிருந்தேன்.
கேள்வி புரியவில்லை என்கிறீர்கள்.

பாலாற்றுப் பாலத்தில் நின்றுதான் இதைத் தட்டுகிறேன்.
கீழே, மணலில்,
மூன்று கிரிக்கெட் மேட்ச்.

சரி, விடுங்கள்.
ஆற்றுப் பக்கத்து அறையாகக் கொடுங்கள்.